சந்தேகத்தின் பலன்

"இருட்டா இருந்துச்சுங்கய்யா" என்றேன்.
டைப் அடித்தவர் அதை நிமிர்த்தி
"இருட்டாக இருந்தது" என்று எழுதிக்கொண்டார்.
செல்லூர் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் என் பஞ்சர் கடை.
தெருவிளக்குக் கம்பம்
என் கதவை ஒட்டித்தான் நிற்கிறது.
கோர்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

சோணைராஜ் கோரிப்பாளையத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவன்.
"அண்ணே, அந்தப் பக்கம் பாருங்க" என்பான்,
பார்த்துத் திரும்புவதற்குள் பஞ்சு வைத்திருப்பான்.
தவமணி மாட்டுத்தாவணிக்குப் பூமூட்டை ஏற்றுகிறவன்.
அன்றைக்கு அவர்கள் பைக்கின் பின் டயரில் ஆணி.
நான் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி தேடிக்கொண்டிருந்தேன்.
இவன் தோளில் அவன் கை.

அவ்வளவுதான்.
தோளில் கை இல்லாத மதுரையை யார் பார்த்தது?
ஆனாலும் அந்தக் கை
இறங்க மனசில்லாமல் இருந்தது.
எனக்குத் தெரிந்தது.
டீக்கடையில் நின்ற நாலு பேருக்கும் தெரிந்தது.

நாலு பேரும் வெளியூர்க்காரர்கள் இல்லை.
ஒருவன் என்னிடம் கடன் சொல்லிக் காற்றடிப்பவன்.
லீவரை என் பெட்டியிலிருந்துதான் எடுத்தான்.
அதற்குப் பிறகு அதன் பெயர் சான்றுப் பொருள் ஒன்று.
மறுநாள் ஜாகிர் கடையில்
நூற்று இருபது ரூபாய்க்குப் புதிது வாங்கினேன்.
இன்னும் கைக்குப் பழகவில்லை.

சந்தேகத்தின் பலனை
நாலு பேருக்கும் கொடுத்தது கோர்ட்.
சந்தேகத்தை எங்களுக்கு விட்டுவிட்டது.

ஆட்டோ ஸ்டாண்டு ஒச்சப்பனும் பிரிட்டோவும்
சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டே
இரண்டாம் ஆட்டம் போவார்கள், இருபது வருஷமாய்.
இப்போதும் போகிறார்கள்.
நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி.
கார்ப்பரேஷன் பள்ளி மைதானத்தில்
வாலிபால் ஜெயித்த பையன்கள்
கட்டிப்பிடிக்க ஓடி வந்து
கிட்டே வந்ததும் முஷ்டியை மட்டும் இடித்துக்கொள்கிறார்கள்.
சாவு வீட்டில்கூட
ஆம்பளையை ஆம்பளை அணைத்துத் தேற்றுவது
ரெண்டு தட்டோடு முடிகிறது.
யாரும் சட்டம் போடவில்லை.
யாரும் இதைப் பேசிக்கொள்ளவும் இல்லை.

தவமணி திருப்பூர் பக்கம் என்றார்கள்.
தாடை கோணிவிட்டதாம்.
அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை,
விசாரித்தவனை விசாரிப்பார்களே என்று.

சோணைராஜின் அக்கா செல்வமீனா
ஸ்கூட்டிக்குக் காற்றடிக்க என்னிடமே வருகிறாள்.
வழியில் வேறு இரண்டு கடை இருக்கிறது.
சில்லறையைச் சரியாக எண்ணி வைப்பாள்.
போன கார்த்திகையில் ஒருநாள்
வண்டியைக் கிளப்பாமல் நின்றாள்.
"லைட்டு நல்லா எரியுதாண்ணே?"
மேலே பார்க்காமல்தான் கேட்டாள்.
நானும் பார்க்காமலே
"எரியுதும்மா" என்றேன்.
அதுதான் நான் சொன்ன சாட்சி.
நாலு வருஷம் தாமதம்.

என் மகனுக்குப் பதினாறு.
பைக்கில் என் இடுப்பைப் பிடிப்பதில்லை,
பின்னால் இருக்கும் கம்பியைப் பிடிக்கிறான்.
அவன் சிநேகிதன் வாசலுக்கு வந்தால்
என் கண் முதலில் போவது
அவர்கள் கைகளுக்கு.
ச்சே என்று திருப்பிக்கொள்கிறேன்.
மறுபடி போகிறது.
அவன் அதைப் பார்த்துவிட்டான் என்பதும் தெரியும்.

நேற்று சுகர் டெஸ்ட்.
அதே லேப், புதுப் பெண்.
நரம்பு அகப்படாமல் மூன்று முறை குத்தினாள்.
அந்தப் பக்கம் பாருங்க என்று சொல்ல ஆளில்லை.
என் ரத்தத்தை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்து நாற்காலியிலிருந்து மகனின் கை
என் தோளுக்குக் கிளம்பி
பாதி வழியில் நின்று
திரும்பிப் போய்
அவன் மடியில் உட்கார்ந்துகொண்டது.

வெளிச்சமாகத்தான் இருந்தது.